ஆசிரியரின் நம்பிக்கையும் அரசின் அங்கீகாரமும்

ஒரு தொழிலைப் பொதுமக்களிடையே செய்ய முன்வருபவர் அதற்குரிய தகுதியைப் பெற்றிருக்கிறார் என்று அரசோ, அரசால் அதிகாரம் அளிக்கப்பட்ட ஓர் அமைப்போ சான்றளிப்பதே அங்கீகாரம் எனப்படுகிறது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் ஆகியோருக்கெல்லாம் அது பொதுவானதே எனினும், ஆசிரியரை அங்கீகரிப்பதில் மற்றத் தொழில்களில் அவ்வளவாகத் தலைதூக்காத ஒரு சிக்கல் உண்டு. பொறியாளரின் கணக்கு சரியா தவறா என்பதை அவர் யாரை வணங்குகிறார் என்பதை அறியாமலேயே சொல்லிவிடலாம். ஆசிரியரோ பாடத்தைத் தம் ஆளுமையின் வழியாகவே கற்பிக்கிறார். யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், யாருடைய கேள்விக்குக் காது கொடுக்கிறார், எந்தக் கேலியைத் தடுக்கிறார், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பனவெல்லாம் வகுப்பறையில் பாடத்தோடு சேர்ந்தே மாணவர்களுக்குச் சென்று சேர்கின்றன. எனவே ஆசிரியர் எதை நம்புகிறார் என்பதும் அவருடைய தகுதியின் ஒரு கூறுதானா என்ற கேள்வி எழுகிறது. ஆம் என்றால் மனச்சான்றைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரம் அரசுக்கு வந்து சேர்கிறது. இல்லை என்றால் குழந்தைகளின் நலனை அரசு பாதி அளவுக்கே காக்கிறது என்ற குறை எழுகிறது. இந்த இரு அச்சங்களும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்றில் கனடா நாட்டு உச்ச நீதிமன்றம் 2001 மே 17 அன்று தீர்ப்பளித்தது.

வழக்குத் தொடுத்த டிரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், கனடாவின் மேற்குக் கரை மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி என்னும் ஊரில் 1962-இல் ஒரு சிறு கல்லூரியாகத் தொடங்கப்பட்ட தனியார் நிறுவனம். விவிலியத்தின் முழு அதிகாரத்தையும் தனிமனிதரின் மனமாற்றத்தையும் வலியுறுத்தும் சுவிசேஷக் கிறித்தவ மரபைச் சேர்ந்த திருச்சபை ஒன்றோடு அது இணைந்தது. 1985-இல் அங்கு ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, ஐந்தாண்டுப் படிப்பில் முதல் நான்கு ஆண்டுகள் அங்கேயும், ஐந்தாம் ஆண்டு சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் என்னும் அரசுப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலும் நடைபெற்றன. பயிற்சி முழுவதும் தன் கிறித்தவ உலகப் பார்வையை ஒட்டி அமையவேண்டும் என்று விரும்பிய டிரினிட்டி வெஸ்டர்ன், ஐந்தாம் ஆண்டையும் தானே நடத்துவதற்கு 1995-இல் ஒப்புதல் கோரியது. ஒப்புதல் வழங்கவேண்டியிருந்த பிரிட்டிஷ் கொலம்பியா ஆசிரியர் கழகம் பாடம் நடத்தும் நிறுவனமாக இருக்கவில்லை. பயிற்சித் திட்டங்களை ஏற்கவும், ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் வழங்கவும், தவறிழைப்போர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் மாநிலச் சட்டத்தால் அதிகாரம் பெற்றிருந்த தொழில்முறை அமைப்பாக அது இருந்தது. பொதுநலனைக் கருத்தில் கொண்டு ஆசிரியர்களின் கல்விக்கும் பொறுப்புக்கும் திறனுக்கும் அளவுகோல்களை வகுப்பதே சட்டம் அதற்கு இட்டிருந்த பணி.

பயிற்சித் திட்டத்தின் பாட அளவிலோ, கற்பித்தல் முறையிலோ பெரிய குறை காணப்படவில்லை. விண்ணப்பத்தை ஆராய்ந்த குழு நிபந்தனைகளோடு தற்காலிக ஒப்புதல் அளிக்கலாம் என்றே பரிந்துரைத்தது. ஆயினும் கழகத்தின் ஆட்சிமன்றம் 1996-இல் ஒப்புதலை மறுத்தது. காரணம், பல்கலைக்கழகம் மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் கையொப்பம் பெற்றுவந்த ‘சமூக நெறிமுறைகள்’ என்னும் ஆவணம். விவிலியம் கண்டிக்கும் செயல்களிலிருந்து விலகியிருப்பதாகக் கையொப்பமிடுவோர் உறுதியளிக்கவேண்டும். குடிவெறி, நேர்மையின்மை, மாந்திரீகம், திருமணத்துக்கு முந்தைய உறவு, பிறன்மனை விழைதல் முதலியவற்றோடு தன்பாலினச் சேர்க்கையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. தன்பால் ஈர்ப்புடையோரை இழிவாகக் கருதும் சூழலில் பயின்று வருபவர்கள், பொதுப்பள்ளி வகுப்பறையில் அத்தகைய மாணவர்களிடம் பாகுபாடு காட்டக்கூடும் என்று கழகம் அஞ்சியது. அம்மாநிலத்துப் பொதுப்பள்ளிகள் எந்தச் சமயக் கோட்பாட்டையும் சாராமல் நடத்தப்படவேண்டும் என்று பள்ளிச் சட்டமே கூறுவதும், கனடிய அரசியலமைப்பின் பகுதியாக 1982-இல் வந்த உரிமைகள் சாசனம் பாலியல் சார்புநிலையின் அடிப்படையிலான பாகுபாட்டையும் தடுக்கிறது என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருந்ததும் கழகத்தின் கருத்துக்கு வலுச்சேர்த்தன.

அந்த அச்சத்தைப் பொருளற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. தன் இயல்பை வெளியே சொல்ல அஞ்சும் பதின்வயதுப் பிள்ளைக்கு ஆசிரியரின் முகத்தில் தெரியும் ஒரு சுளிப்பு எவ்வளவு பெரிய தண்டனை என்பதைக் கழகத்தில் இருந்த ஆசிரியர்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அவர்களை வெறும் சமய வெறுப்பாளர்களாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. குழந்தைக்காக அஞ்சுவது ஆசிரியர் அமைப்பின் கடமையும் ஆகும். பிழை வேறிடத்தில் இருந்தது. ஆவணம் ஒன்றைப் படித்து, அதில் கையொப்பமிட்ட மனிதர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்று முடிவுகட்டிய அந்தத் தாவல்தான் விசாரிக்கப்படவேண்டியது.

பல்கலைக்கழகமும் அங்குப் பயின்ற மாணவி ஒருவரும் இணைந்து தொடுத்த வழக்கில் 1997-இல் மாநிலத்தின் முதல்நிலை நீதிமன்றமும், 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கழகத்தின் முடிவைத் தள்ளின. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதே முடிவுக்கு வந்தார்கள். நீதிபதிகள் யாகோபுச்சியும் பாஸ்தராஷும் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, சமயச் சுதந்திரமும் சமத்துவமும் ஒன்றையொன்று விழுங்கிவிடாதபடி அவற்றின் எல்லைகளை வரையவேண்டும் என்றும், அந்த எல்லை பொதுவாக நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் இடையில் அமைகிறது என்றும் கூறியது. ஒன்றை நம்புவதற்கான சுதந்திரம், அதன்படி செயல்படுவதற்கான சுதந்திரத்தைவிட அகன்றது. வகுப்பறையில் பாகுபாடு காட்டும் ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கலாம். அதற்கான அதிகாரம் கழகத்திடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் இப்பல்கலைக்கழகத்தில் பயின்று பொதுப்பள்ளிகளில் பணியாற்றிவந்தவர்கள் எவரேனும் அவ்வாறு நடந்துகொண்டதற்கு ஒரு சான்றும் முன்வைக்கப்படவில்லை. ஐந்தாம் ஆண்டை அரசுப் பல்கலைக்கழகத்தில் கழித்ததால்தான் அவர்கள் திருந்தினார்கள் என்று கருதவும் அடிப்படை இல்லை. எனவே பயிற்சித் திட்டத்தை ஏற்குமாறு கழகத்துக்குக் கீழ்நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அதாவது ஓர் அமைப்பு தன் சட்டக் கடமையைச் செய்யும்படி கட்டளையிடும் செயலுறுத்தும் நீதிப்பேராணை, உறுதிசெய்யப்பட்டது.

தீர்ப்பின் உண்மையான வலிமை ஒரே ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. நெறிமுறை ஆவணத்தில் கையொப்பமிட்டதே ஒருவரைத் தகுதியற்றவராக்கும் என்றால், அதே கோட்பாட்டைப் போதிக்கும் திருச்சபையில் ஞாயிறுதோறும் வழிபடுபவரை மட்டும் எந்த நியாயத்தால் ஏற்றுக்கொள்ள முடியும்? அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அத்தகைய நம்பிக்கையுடையவர்கள் பயின்று ஆசிரியர் ஆகிறார்கள். கத்தோலிக்கர், மரபுவழி யூதர், இஸ்லாமியர், சீக்கியர் எனப் பல சமயத்தவரிடையே பாலுறவு பற்றிய கட்டுப்பாடான போதனைகள் உள்ளன. கழகத்தின் வாதத்தை அதன் போக்கிலேயே கொண்டுசென்றால், ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர், அதன் போதனையை எந்த அளவுக்கு ஏற்கிறார் என்று கேட்கவேண்டியிருக்கும். அப்படிக் கேட்கும் துணிவு கழகத்துக்கே இல்லை என்பதும், கேட்கத் தேவையில்லை என்றே அது தன் நடைமுறையில் கருதிவந்தது என்பதும் அதன் வாதத்தை உள்ளிருந்தே உடைத்தன. ஒரு நம்பிக்கையைத் தனிமனிதரிடம் பொறுத்துக்கொண்டு, அதே நம்பிக்கை உடையவர்கள் ஒன்றுகூடி நிறுவனம் அமைத்தவுடன் அதைத் தகுதிக் குறைவாகக் கருதுவது சமயச் சுதந்திரத்தைத் தனிமையில் மட்டும் அனுமதிப்பதாகும். சமயமோ பெரும்பாலும் கூடி வாழ்வதில்தான் உயிர்கொள்கிறது.

கோட்பாட்டிலிருந்து குணத்தை ஊகித்து, ஊகித்த குணத்தால் ஒருவரைப் பொதுப்பணியிலிருந்து விலக்கும் வழக்கத்துக்கு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1673-ஆம் ஆண்டின் சோதனைச் சட்டம், அரசுப் பதவி ஏற்பவர் இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெறவேண்டும் என்றும், அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்ற கத்தோலிக்கக் கோட்பாட்டை மறுத்து உறுதி கூறவேண்டும் என்றும் விதித்தது. அப்பம் பற்றிய கருத்தில் அரசுக்கு அக்கறை இருந்ததால் அது விதிக்கப்படவில்லை. அக்கோட்பாட்டை நம்புபவர் போப்புக்குக் கட்டுப்பட்டு மன்னரைக் காட்டிக்கொடுப்பார் என்ற ஊகமே அதன் அடித்தளம். அச்சட்டம் 1828-இல்தான் நீக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான கற்பித்தல் பதவிகள் சமயச் சோதனையின்றி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது 1871-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே. இன்ன சமயத்தார் இளைஞர்களைக் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அதுவரை கண்ணியமான, பொறுப்புள்ள அச்சமாகவே கருதப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

சமயப் பொறையின் மெய்யியலை ஐரோப்பாவில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவரான ஜான் லாக், 1689-இல் வெளிவந்த தம் பொறை பற்றிய கடிதத்தில், அரசின் கருவி புறத்தே செலுத்தப்படும் வலிமை என்றும், உண்மையான சமயமோ மனத்தின் உள்ளார்ந்த இசைவு என்றும் பிரித்தார். வலிமையால் இசைவை உண்டாக்க முடியாதாகையால் ஆன்மாவைக் காக்கும் பொறுப்பு ஆட்சியாளருக்கு உரியதன்று என்பது அவர் முடிவு. நம்பிக்கை, நடத்தை என்ற பிரிவினைக்கு இதைவிடத் தெளிவான வேரைக் காட்டுவது கடினம். ஆனால் அதே நூலில் லாக் கடவுள் மறுப்பாளருக்குப் பொறை காட்ட மறுத்தார். கடவுளை நம்பாதவரை வாக்குறுதியும் ஆணையும் கட்டுப்படுத்தா என்றும், அவை தளர்ந்தால் சமுதாயம் குலையும் என்றும் அவர் கருதினார். கடவுள் மறுப்பாளர் வாக்குத் தவறியதைக் கண்டு அவர் இந்த முடிவுக்கு வரவில்லை; அவர்களுடைய நம்பிக்கையின்மையிலிருந்து அவர்களுடைய நடத்தையை வருவித்துக்கொண்டார். நாத்திகர் நேர்மையாக வாழ்வதை ஒவ்வொரு நாளும் காணும் இன்றைய வாசகருக்கு லாக்கின் ஊகம் எவ்வளவு தவறானது என்பது எளிதில் தெரிகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா ஆசிரியர் கழகத்தின் ஊகமும் அமைப்பில் அதே வகைதான். ஊகிக்கப்பட்டவர்கள் இம்முறை இறைநம்பிக்கையாளர்கள் என்பதே வேறுபாடு.

இருப்பினும், பெரும்பான்மைத் தீர்ப்பு வரைந்த எல்லைக்கோடு மனித மனத்தின் உண்மையான அமைப்பைக் காட்டுகிறது என்று கொண்டால் அது ஏற்கத்தக்கதன்று. நம்பிக்கை என்பது தலைக்குள் அசையாமல் கிடக்கும் ஒரு கூற்று மட்டும் அன்று. அது பார்வையை வழிநடத்துகிறது, இரக்கம் யார் பக்கம் விரைவில் சாயும் என்பதைத் தீர்மானிக்கிறது. சமயங்களே இதை வலியுறுத்துகின்றன: செயலில் வெளிப்படாத நம்பிக்கையைப் போலி என்று கண்டிக்காத சமயம் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம், அன்றைய சென்னை மாநிலத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பி ஷிரூர் மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1954-இல் அளித்த தீர்ப்பில், சமயம் என்பது கோட்பாடு மட்டும் அன்று, சடங்கும் உணவும் உடையும் வழிபாட்டு முறையும்கூட அதன் கூறுகளாகலாம் என்று கூறி, நம்பிக்கைக்கு மட்டும் காப்பளிக்கும் குறுகிய கருத்தை ஏற்க மறுத்தது. நம்பிக்கையையும் செயலையும் வெட்டிப் பிரிக்க முடியாது என்பது சமயத்தின் பக்கம் நின்று சொல்லப்படும்போது உண்மை என்றால், அதையே குழந்தையின் பக்கம் நின்று ஒருவர் சொல்லும்போது பொய்யாகிவிடாது.

நீதிபதி கிளேர் லெரூ-துபே தனித்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. கையொப்பமிடுவது வெறும் நம்பிக்கை அன்று, அதுவே ஒரு செயல் என்று அவர் கருதினார். மற்றவர்களை விலக்கிவைக்கும் ஓர் ஏற்பாட்டுக்குத் துணைநிற்கும் செயல். பாவத்தைக் கண்டிக்கிறோம், பாவியை நேசிக்கிறோம் என்ற வேறுபாட்டை அவர் ஏற்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனார் துறவியர் சமூகம் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், மனிதரிடம் அன்பும் அவர்தம் குற்றங்களிடம் வெறுப்பும் கொண்டு நடக்கும்படி அறிவுறுத்திய காலம் முதல் கிறித்தவ அறவியலில் நிலைபெற்றுள்ள அந்த வேறுபாடு, திருட்டுக்கும் பொய்க்கும் பொருந்துவதுபோல அன்பு செலுத்தும் இயல்புக்குப் பொருந்துவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பது அவருடைய அடையாளத்தோடு பின்னிக்கிடப்பதால், அந்த நேசத்தின் வெளிப்பாட்டைக் கண்டிப்பது அந்த மனிதரையே கண்டிப்பதாக அவரால் உணரப்படுகிறது. இது உண்மை என்பதில் ஐயமில்லை. இறைநம்பிக்கையாளர்கள் இந்த வாதத்துக்குத் தம் மனச்சான்றின் முன் விடை சொல்லவேண்டியவர்கள். நீதிமன்றத்தில் வென்றுவிட்டதால் அந்தக் கடன் தீர்ந்துவிடுவதில்லை. பாவியை நேசிக்கிறோம் என்று சொல்லும் சமூகத்தில், நேசிக்கப்படுவதாகச் சொல்லப்படுபவர் அந்த நேசத்தை ஒருபோதும் உணர்ந்ததே இல்லை என்றால், சொல்பவர் தம் நேசத்தை மறுபடியும் சோதிக்கவேண்டும்.

ஆனால் அந்த வாதம் உண்மை என்பதால் கழகத்தின் முடிவு சரியாகிவிடவில்லை. நம்பிக்கை நடத்தையை வடிவமைக்கிறது என்பது உளவியல் உண்மை. எந்த நம்பிக்கை எந்த மனிதரிடம் எந்த நடத்தையாக மாறும் என்பதோ யாராலும் ஆவணத்தைப் படித்து அறிய முடியாதது. ஒரே கோட்பாட்டைப் பற்றி நிற்கும் இருவருள் ஒருவர் அதனால் கடுமையாகவும், மற்றவர் தாமும் பாவியே என்ற உணர்வால் பிறரினும் மிக்க பரிவோடும் நடந்துகொள்வதைச் சமய வாழ்வை அருகிருந்து அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். கோட்பாட்டளவில் முழுச் சமத்துவம் பேசும் ஆசிரியர் சாதியாலோ நிறத்தாலோ வறுமையாலோ ஒதுங்கிநிற்கும் பிள்ளையைத் தம்மை அறியாமலேயே புறக்கணிப்பதும் உண்டு. எனவே நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் இடையிலான கோடு மனத்தின் நடுவே இயற்கை போட்ட கோடாக அல்லாமல், தீர்ப்பளிக்கும் அதிகாரம் தனக்கே போட்டுக்கொள்ளவேண்டிய தடையாகக் கொள்ளப்படும்போதுதான் பொருள்படுகிறது. மனம் ஒன்றாக இருக்கலாம். அதற்குள் புகுந்து பார்க்க அரசுக்குக் கண் இல்லை, கண் இருப்பதாகப் பாவிக்கும் அரசு எல்லோருக்கும் ஆபத்தானது. பெரும்பான்மை நீதிபதிகள் வந்தடைந்த முடிவு சரியானதே. அதை அவர்கள் மனித இயல்பு பற்றிய உண்மையைப் போலக் கூறியதைவிட, அரசின் அறியாமை பற்றிய உண்மையாகக் கூறியிருந்தால் மாறுபட்ட தீர்ப்புக்கும் அதில் விடை கிடைத்திருக்கும்.

இந்தத் தடை ஆசிரியருக்கு முழு விலக்கு அளிப்பதன்று என்பதை அதே நீதிமன்றம் ஐந்தாண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது. நியூ பிரன்ஸ்விக் மாநிலத்துப் பள்ளி ஆசிரியரான ராஸ் என்பவர் பள்ளிக்கு வெளியே யூதர்களை இழிவுபடுத்தும் நூல்களைத் தொடர்ந்து எழுதி வெளியிட்டு வந்தார். வகுப்பறையில் அவர் அதைப் பேசியதாக நேரடிச் சான்று இல்லாதபோதும், அவருடைய வெளியீடுகள் பள்ளிச் சூழலை நச்சுப்படுத்தியதாகக் கொள்ளலாம் என்று 1996-இல் ராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று, அவரை வகுப்பறையிலிருந்து அகற்றிய ஆணையை உறுதிசெய்தது. யூத மாணவர்கள் அந்த ஆசிரியரின் பெயரை ஊரறிந்த வெறுப்போடு சேர்த்தே அறிந்திருந்தார்கள் என்ற நிலையில், அங்கு ஊகத்துக்குப் பிடிமானமாக ஒரு மனிதரின் பல்லாண்டுச் செயல்கள் இருந்தன. டிரினிட்டி வெஸ்டர்ன் வழக்கில் இருந்ததோ, இன்னும் வகுப்பறைக்கே செல்லாத இளைஞர்களின் கையொப்பம். அதுவும் பிறரைத் துன்புறுத்துவதாக அன்று, தாம் எப்படி வாழ்வோம் என்பதைப் பற்றித் தந்த உறுதி. அதே ஆவணம் பிறரை அன்போடு நடத்தும் கடமையையும் அவர்கள்மேல் சுமத்தியிருந்தது. அந்தப் பகுதியை அவர்கள் கைவிடுவார்கள் என்றும் கண்டிக்கும் பகுதியை மட்டும் கடைப்பிடிப்பார்கள் என்றும் கொள்வதற்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்கு அங்கீகாரம் என்ற இதே களத்தில் இந்திய நீதிமன்றங்கள் வேறொரு வழியில் சென்றிருப்பது ஒப்புநோக்கத்தக்கது. அகமதாபாதில் கிறித்தவ மிஷன் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தன் இடங்களில் நூற்றுக்கு 80-ஐ அரசு அனுப்பும் ஆசிரியர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்றும், இல்லையேல் மானியமும் அங்கீகாரமும் நிறுத்தப்படும் என்றும் அன்றைய பம்பாய் அரசு ஆணையிட்டபோது, உச்ச நீதிமன்றம் 1962-இல் அதைச் செல்லாது என்றது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை வழங்கும் 30-ஆவது உறுப்பே அதற்கு அடிப்படை. அங்கீகாரத்துக்கான விதி நியாயமானதாகவும், அந்த நிறுவனத்தின் கல்வித் தன்மையை ஒழுங்குபடுத்தி அதைப் பயனுள்ள கல்விக் கருவியாக்க உதவுவதாகவும் இருக்கவேண்டும் என்ற இரட்டை அளவுகோலை அத்தீர்ப்பு வகுத்தது. இங்கே உரிமை ஒரு சமூகத்தின் உரிமையாகப் பார்க்கப்பட்டது. தனிமனிதரின் மனச்சான்று பேசப்படவே இல்லை. மறுபுறம், ஆந்திரப் பிரதேசத்தில் அங்கீகாரமின்றி நடந்த தனியார் ஆசிரியர் பயிற்சி நிலையங்களின் மாணவர்கள் தேர்வெழுத அனுமதி கோரியபோது 1986-இல் அதே நீதிமன்றம் மறுத்தது. முறையான பயிற்சி பெறாதவர்களை இளம் பிள்ளைகளிடம் அனுப்ப முடியாது என்பது அதன் காரணம். அங்கீகாரத்தை மறுப்பதற்கான நியாயம் ஆசிரியருக்குத் தெரியாததிலும் இயலாததிலும் இருக்கவேண்டுமே ஒழிய, அவர் நம்புவதில் இருக்கக்கூடாது என்பதை இந்த இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது உணரலாம்.

2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முழுமையாக எதிர்கொள்ளாமல் விட்ட ஒன்றும் உண்டு. அரசின் சோதனையை எதிர்த்த நிறுவனமே தன் வாயிலில் ஒரு சோதனையை வைத்திருந்தது. தன்பால் ஈர்ப்புடைய மாணவர் அங்குச் சேர விரும்பமாட்டார், கையொப்பமிட்டால் தனக்குள் பெரிய விலை கொடுத்தே இடுவார் என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள்; எனினும் அப்பல்கலைக்கழகம் எல்லோருக்குமானதன்று, ஒரு சமயச் சமூகத்தின் தேவைக்காக அமைந்தது, மாநில மனித உரிமைச் சட்டமே அத்தகைய நிறுவனங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது என்று கூறி அதைக் கடந்தார்கள். அந்தக் கேள்வி பதினேழு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. டிரினிட்டி வெஸ்டர்ன் சட்டக் கல்லூரி ஒன்றைத் தொடங்க முன்வந்தபோது, ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான திருமணத்துக்கு வெளியே பாலுறவைத் தவிர்ப்பதாக மாணவர்கள் உறுதியளிக்கவேண்டும் என்ற உடன்படிக்கையைக் காட்டி, பிரிட்டிஷ் கொலம்பியா, ஒன்டாரியோ ஆகிய இரு மாநிலங்களின் வழக்கறிஞர் சங்கங்கள் அங்கீகாரம் மறுத்தன. 2018 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சங்கங்களின் பக்கம் நின்றது.

இம்முறை சங்கங்கள், அங்குப் பயில்வோர் திறமையற்ற வழக்கறிஞர்களாகவோ பாகுபாடு காட்டுபவர்களாகவோ வருவார்கள் என்று வாதாடவில்லை. பொதுத்தொழில் ஒன்றுக்குள் நுழையும் வாயில்களுள் ஒன்று, தன்பால் ஈர்ப்புடையோருக்கு அவர்கள் தம் இயல்பை மறைத்தாலொழியத் திறவாது என்பதே அவற்றின் குறை. கட்டாய உடன்படிக்கை இல்லாமலேயே கிறித்தவச் சூழலில் சட்டம் பயில முடியும் என்பதால், சமயச் சுதந்திரத்துக்கு நேரும் இழப்பு சிறிது என்று பெரும்பான்மை நீதிபதிகள் எடைபோட்டார்கள். அந்த எடைபோடலே இத்தீர்ப்பின் பலவீனம். ஒரு சமூகம் தன் வாழ்க்கை முறைக்கு எது இன்றியமையாதது என்று கருதுகிறதோ, அதை வெளியிலிருந்து பார்க்கும் நீதிபதி சிறியது என்று அளந்துவிட முடியாது. அதற்குச் சமயத்தின் உள்ளே நின்றவர் பெற்றிருக்கும் அறிவு தேவை. அதே சமயம், வாயிலில் விலக்கப்படுபவரின் இழப்பும் ஊகமன்று. அது அந்த நாளிலேயே, அந்தக் கையொப்பத்தின் முன்னிலையிலேயே நேர்வது. எதிர்காலத்தில் ஒருவர் தீங்கு செய்வார் என்ற ஊகத்தை 2001-இல் நீதிமன்றம் சரியாகவே புறக்கணித்தது. 2018-இல் அதன் முன் இருந்தது கண்ணெதிரே நிகழும் ஒரு விலக்கம். எனவே பிந்தைய தீர்ப்பு முந்தையதைப் பொய்யாக்கிவிட்டது என்று சிலர் கூறுவது பொருந்தாது. அதே ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழகம் அந்த உடன்படிக்கை மாணவர்களுக்கு இனிக் கட்டாயமில்லை என்று அறிவித்தது.

வகுப்பறையில் இருக்கும் பிள்ளையின் நிலை எஞ்சுகிறது. நடத்தை வெளிப்பட்ட பிறகு நடவடிக்கை எடுக்கலாம் என்ற கொள்கையின் மீது எழும் மிக வலுவான மறுப்பு, அந்த நடத்தையால் முதலில் புண்படுவது ஒரு குழந்தை என்பதே. தன் இயல்பை வீட்டிலும் சொல்ல அஞ்சும் பிள்ளை, ஆசிரியர் மீது எழுத்தில் புகார் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறியாத பேச்சு. நம்பிக்கையைச் சோதிக்கக்கூடாது என்று சொல்பவர்கள் இந்த மறுப்புக்குக் கடன்பட்டவர்கள். அதற்கு விடை, நடத்தையைப் பார்க்கும் கண்களைக் கூர்மையாக்குவதில்தான் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் ஒவ்வொரு மாணவரும் உண்மையான வகுப்பறையில், அனுபவமுள்ள ஆசிரியரின் மேற்பார்வையில் பல வாரங்கள் கற்பித்துக் காட்டவேண்டியிருக்கிறது; பயிற்சிக் கல்லூரி எந்தச் சமயத்தைச் சார்ந்ததாயினும், அந்த நாட்களில் பயிற்சி ஆசிரியர் யாரிடம் பேசினார், எந்த ஏளனத்தை நிறுத்தினார், எதைக் கேட்காததுபோல இருந்தார் என்பதைக் கவனித்துப் பதிவுசெய்வதும், அதன் அடிப்படையில் சான்றிதழை நிறுத்திவைப்பதும் அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் அதிகாரத்துக்கு முழுமையாக உட்பட்டவை. பிரிட்டிஷ் கொலம்பியா ஆசிரியர் கழகம் தன் கவலையை ஓர் ஆவணத்தின் மீது செலுத்தாமல் அந்த வாரங்களின் மீது செலுத்தியிருந்தால், டிரினிட்டி வெஸ்டர்னின் மாணவர்களை மட்டுமன்றி மாநிலத்தின் எல்லாப் பயிற்சி நிறுவனங்களிலிருந்தும் வரும் ஆசிரியர்களை ஒரே அளவுகோலால் அளந்திருக்கும். பாகுபாடு காட்டும் ஆசிரியர் எந்தத் திருச்சபையிலிருந்து வந்தாலும், எந்தத் திருச்சபையையும் சாராமல் வந்தாலும், அவரைக் கண்டறியும் வாய்ப்பும் அதற்குக் கிடைத்திருக்கும்.